மெழுகின் மேல் மெழுகு

மோட்டார் வண்டிக்கு மெழுகு பூசுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே அநேகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு சிறு டப்பாவும் தோளில் இரண்டு துணிகளுமாக நாம் வாசலில் இறங்கும்போது, எதிர்வீட்டு மாடியில் காப்பி அருந்திக்கொண்டிருக்கும் அன்பர்களின் முகத்தில் அந்த எண்ணம் எழுதி ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். "வண்டி புதிதோ, ஸார்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். புதிதன்று, 2008-ஆம் ஆண்டில் வாங்கியது. பதினைந்து வருஷக் கெடு முடிந்து, 2023-ல் பதிவைப் புதுப்பித்து, இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம் என்று சர்க்கார் அனுமதி பெற்று வந்திருக்கும் கிழ வண்டி. புது வண்டிக்காரருக்கு மெழுகு ஓர் அலங்காரம். கிழ வண்டிக்காரருக்கோ அது ஜீவாதாரம். இந்தக் கட்சியை நேயர்கள் முன் வைப்பதற்காகவே பேனாவை எடுத்திருக்கிறோம்.

மெழுகு எதைக் காக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின்மேல் நாம் காணும் வர்ணம் ஒரே பூச்சு அன்று. தகட்டின்மேல் துருத் தடுக்கும் பூச்சு ஒன்று, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு ஒன்று. இத்தனையும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிறமற்ற அந்த மேற்பூச்சு மட்டும் 40 அல்லது 50 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. வெயிலின் கொடுமையைத் தாங்கி நிறம் வெளுக்காமல் காப்பதற்கு வேண்டிய சரக்கெல்லாம் இந்த மேற்பூச்சுக்குள்ளேதான் கலந்திருக்கிறது. அது தேய்ந்தால் தேய்ந்ததுதான், வளர்வதில்லை.

"அதனால் என்ன? மறுபடி வர்ணம் அடித்துக்கொண்டால் போகிறது!" என்பார்கள். அடித்துக்கொள்ளலாம். ஆனால் தொழிற்சாலையில் வர்ணம் பூசும்போது வண்டி வெறும் தகட்டுக் கூடாக இருக்கிறது. மெத்தையும், கண்ணாடியும், ரப்பரும், மின்சாரக் கம்பியும் அதில் ஏறுவதற்கு முன்பே, சுமார் 140 டிகிரி உஷ்ணத்தில் சூளையில் பானையைச் சுடுவதுபோல் வர்ணத்தைச் சுட்டு எடுக்கிறார்கள். பிற்காலத்தில் பட்டறையில் அந்தச் சூட்டைக் கொடுத்தால் வர்ணம் காய்வதற்கு முன் வண்டியின் பாதி உறுப்புகள் இளகி வழிந்துவிடும். ஆகவே அங்கே 60 டிகிரிச் சூட்டில் இறுகக்கூடிய வேறு ஜாதி வர்ணத்தைப் பூசுகிறார்கள். கைதேர்ந்த பட்டறைக்காரர் அதையும் அழகாகவே செய்வார். ஆயினும் பிறந்த தோல் வேறு, ஒட்டுப்போட்ட தோல் வேறு அல்லவா?

சென்ற வருஷம் ஒரு பட்டறையில் சிறு கருவி ஒன்றை வைத்து நமது வண்டியின் வர்ணத்தை அளந்து பார்த்தார்கள். கூரையில் 118 மைக்ரான் காட்டிய கருவி, பானெட்டின்மேல் 86 காட்டிற்று. முப்பது மைக்ரான் எங்கே போயிற்று? ஒவ்வொரு தடவை ஸர்வீஸுக்கு விட்டபோதும், அந்த ஸர்வீஸ் நிலையத்தார் நம்மைக் கேளாமலே ‘இலவச பாலிஷ்’ செய்து, பளபளவென்று வண்டியை அனுப்பி வைத்ததன் பலன் அது. இலவசம் என்றால் நமக்குத்தான் ஆனந்தம் பொங்குமே!

பாலிஷுக்கும் மெழுகுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: பாலிஷ் எடுப்பது, மெழுகு கொடுப்பது. கீறல் விழுந்த வர்ணத்தை நுண்ணிய மணல் போன்ற பொடியால் உராய்ந்து, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள நல்ல வர்ணத்தையும் சீவிவிடுவது பாலிஷ். சீவிய மட்டில் பளபளப்பு வருகிறது. சீவிய மட்டில் ஆயுளும் குறைகிறது. மெழுகோ வர்ணத்தைத் தொடாமல் அதன்மேல் தான் படிந்து, வருகிற அடியைத் தான் வாங்கிக்கொண்டு, தானே தேய்ந்து போகிறது. பெட்டியின்மேல் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி விற்கும் சரக்குகள் சந்தையில் மலிந்திருக்கின்றன. அப்படிப்பட்டதில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பார்த்தால் பல சமயங்களில் நறநறப்புத் தெரியும். தெரிந்தால், அது நாம் தேடும் மெழுகு அன்று. ஒருவர் பூசிய மெழுகின்மேல் அதை இரண்டாம் பூச்சாகத் தேய்த்தால், முதற்பூச்சையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

சென்னையில், அதிலும் கடற்கரைக்கு ஒரு மைலுக்குள் குடியிருக்கும் வண்டிக்குச் சத்துருக்கள் பலர். 2003-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. அது நிழலில் அளந்த கணக்கு. நடு வெயிலில் நிற்கும் கருநீல வண்டியின் பானெட் 70 டிகிரியைத் தொடுவது சித்திரை வைகாசியில் சாதாரணச் சங்கதி. உப்புக் காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிகளே சாட்சி. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, துளி காய்ந்ததும் வெள்ளை வளையமாக வர்ணத்தில் படிந்துவிடுகிறது. காக்கையின் எச்சத்திலோ புளிப்புச் சத்து இருக்கிறது. அது மட்டுமன்று; வெயிலில் இளகி விரிந்த வர்ணம் மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து கிடக்கும் எச்சத்தின் மேடுபள்ளங்களை அப்படியே அச்செடுத்துக்கொண்டு விடுகிறது. எச்சத்தைக் கழுவிய பின்னும் அந்த இடம் மங்கி நிற்பதற்குக் காரணம் இதுவே.

இவர்களை எல்லாம் மெழுகு விரட்டி அடித்துவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்கிறவர் சரக்கு விற்கிறவராக இருக்க வேண்டும். மெழுகு நமக்கு வாங்கித் தருவது அவகாசம். எச்சம் வர்ணத்தைத் தீண்டுவதற்கு முன் மெழுகைத் தின்ன வேண்டும். அதற்குள் நாம் ஈரத்துணியோடு வந்துவிடலாம். வெயிலுக்கோ மெழுகு குடை ஆகாது. பூசித் துடைத்த பிறகு மிஞ்சும் மெழுகு ஒரு மைக்ரான்கூட இராது. அவ்வளவு மெல்லிய திரையால் சூரியனை மறைப்பது எங்ஙனம்? வண்டியை வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினால் சூரியனிடமிருந்து தப்பலாம், காக்கையிடம் அகப்படலாம். அவரவர் தெருவைப் பார்த்து அவரவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் கண்டு மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாமரையிலைத் தண்ணீர் என்று நாம் சொல்கிறோமே, அந்த இலையின்மேலும் மெழுகுதான் இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படாத சிறு சிறு முட்களாக எழுந்து நிற்கிறது. துளி அம்முட்களின் நுனியில் நின்று உருண்டோடி, இலையிலுள்ள தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. வண்டியில் பூசிய மெழுகு வழவழப்பானது. அதன்மேல் துளி குவிந்து நிற்குமே தவிர, தானாக ஓடாது. நின்ற துளி சுண்ணாம்பு நீராக இருந்து வெயிலிலும் காய்ந்தால் வளையம் விழும். ஆகையால் முத்துக்களைப் பார்த்து ரசித்தது போதும் என்று உடனே துணியை எடுத்துத் துடைப்பதே உத்தமம்.

நிற்க. எந்த மெழுகைத் தேர்ந்தெடுப்பது? நம் ஊருக்கு முதல் கேள்வி, அது எத்தனை டிகிரியில் உருகும் என்பதுதான். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த பாரபின் மெழுகு, ரகத்துக்குத் தக்கபடி, பெரும்பாலும் அதற்கும் கீழே. எழுபது டிகிரி பானெட்டின்மேல் இவற்றைப் பூசுவது தோசைக்கல்லில் வெண்ணெயை வைப்பது போலத்தான். தேன்மெழுகு தனியே நில்லாது என்பது நம் நாட்டுக் கைவினைஞர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த சங்கதி. சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகத்துக்கு மெழுகுப் பிரதிமை செய்யும்போது, தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிக்கொள்கிறார்கள். குங்கிலியம் உறுதிக்கு; எண்ணெய் இழைவுக்கு. வண்டி மெழுகு செய்கிறவர்களின் சூத்திரமும் இதே ஜாதிதான்: கெட்டியான மெழுகு ஒன்று, இழையக்கூடியது ஒன்று, இரண்டையும் கரைத்துப் பரப்புவதற்கு ஒரு திராவகம்.

கெட்டி மெழுகுகளில் ராஜா, பிரேஸில் தேசத்துக் கார்னௌபா. 82 முதல் 86 டிகிரி வரை உருகாமல் நிற்பது. அந்நாட்டின் வடகிழக்கில், மழை அருகிய ஸியாரா, பியாவி முதலிய மாகாணங்களில் வளரும் ஒருவகைப் பனை மரத்தின் இலைகளில் இது உண்டாகிறது. கோடையில் தன் உடம்பிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகாதபடி மரம் தானே இலைக்கு மெழுகு பூசிக்கொள்கிறது. உஷ்ணத்தைத் தாங்குவதற்கென்றே பிறந்த பொருள் நமக்கும் உதவுகிறதென்றால் அதில் ஆச்சரியமில்லை. நீண்ட கழியின் நுனியில் கத்தியைக் கட்டி ஓலைகளை அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்தால் மெழுகு பொடியாகக் கொட்டுகிறது. அதை உருக்கி வடித்துக் கட்டியாக்குகிறார்கள். விரியாத குருத்திலிருந்து கிடைப்பது இள மஞ்சள், விலை அதிகம். முற்றிய ஓலையிலிருந்து வருவது பழுப்பு.

இந்தப் பனையைத் தேடிக்கொண்டு ஒரு மெழுகு வியாபாரி ஆகாய விமானத்திலேயே புறப்பட்ட கதை உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து ரஸீன் நகரில் தரைக்கும் மரச் சாமானுக்கும் மெழுகு செய்து விற்ற ஜான்ஸன் கம்பெனியின் தலைவர், 1935-ல், தரையிலும் தண்ணீரிலும் இறங்கக்கூடிய ஸிகார்ஸ்கி விமானம் ஒன்றில் பிரேஸிலின் போர்ட்டலேஸா வரை பறந்து சென்றார். விமானத்துக்கும் கார்னௌபா என்றே பெயர் வைத்திருந்தார். சரக்கு எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும், பனைகள் எப்படி வளர்கின்றன என்று நேரில் கண்டு வருவது அவர் நோக்கம். 1998-ல் அவருடைய குமாரர், அதே மாதிரி விமானம் ஒன்றைப் புதிதாகச் செய்வித்து, தகப்பனார் போன வழியே மறுபடியும் பறந்தார். டப்பாவின் மூடியைத் திறக்கும்போது இந்தக் கதை நமக்கு நினைவு வருவதுண்டு. இன்னொன்றும் நினைவு வருகிறது. 2017-ல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வெளியான ஒரு விசாரணைப் படம், அந்தப் பனந்தோப்புகள் சிலவற்றில் ஓலை வெட்டுகிறவர்கள் வெட்டவெளியிலோ லாரியிலோ படுத்துறங்கி, வடிகட்டாத ஆற்று நீரைக் குடித்து, அற்பக் கூலிக்கு உழைப்பதைக் காட்டிற்று. அடிமைத்தனம் என்று சொல்லத்தக்க நிலை என்று பிரேஸிலின் தொழில் இலாகா அதிகாரிகளே கூறினார்கள். கையகலத் டப்பாவுக்குள் எவ்வளவு தூரம் அடங்கிக் கிடக்கிறது!

‘நூற்றுக்கு நூறு கார்னௌபா’ என்று மூடியில் பொன்னெழுத்தில் போட்டிருந்தால் அந்த எழுத்தை ரசித்துவிட்டு அடுத்த டப்பாவைப் பார்க்கலாம். கார்னௌபா தனியாக இருந்தால் செங்கல்லைப்போல் இருக்கும். அதை வண்டியில் தேய்த்தால் வண்டிதான் தேயும். எண்ணெயும் திராவகமும் சேர்ந்தால்தான் அது பசையாகும். அப்படிப்பட்ட வாசகத்துக்கு, கலந்திருக்கும் கார்னௌபா கலப்படமற்றது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு நற்செய்தி. நம் அரிசித் தவிட்டிலும் மெழுகு இருக்கிறது. தவிட்டெண்ணெயைச் சுத்தம் செய்யும்போது குளிரவைத்தால் கலங்கலாகப் பிரிந்து அடியில் தங்குவது அதுதான். அதையும் சுத்தப்படுத்தினால் 80 டிகிரிக்கு அருகில் உருகும் கெட்டி மெழுகு கிடைக்கிறது. கார்னௌபாவுக்கு மாற்றாகவும் அதனோடு கலந்தும் பல கைத்தொழில்களில் உபயோகிக்கிறார்கள். சமையலறையில் தவிட்டெண்ணெயில் அப்பளம் பொரிக்கும்போது, அதன் கூடப் பிறந்த சரக்கு ஏதோ ஒரு பாலிஷ் டப்பாவில் இருக்கக்கூடும் என்று நம் வீட்டு அம்மாளிடம் சொன்னோம். "அப்படியானால் அந்த எண்ணெயையே வண்டிக்குத் தடவிவிட்டு எனக்கு அந்த டப்பாக் காசைக் கொடுங்கள்" என்று பதில் வந்தது.

செயற்கைப் பூச்சுகள் மற்றொரு கூட்டம். நீண்ட ரசாயனச் சங்கிலிகளான பாலிமர்களைக் கொண்டு செய்யப்படும் இவை வர்ணத்தோடு இறுகப் பற்றிக்கொள்கின்றன. உஷ்ணத்துக்கும் சோப்புக்கும் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுப்பதில்லை. கார்னௌபாவையும் பாலிமரையும் ஒன்றாகக் கலந்த கெட்டிப் பசைகளும் உண்டு. அமெரிக்காவில் யூட்டிக்கா நகரில் செய்யப்படும் காலினைட் பசை இந்த வகையில் உழைப்புக்குப் பேர் போனது. ஆனால் கனமாகப் பூசினால் துடைத்தெடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இவற்றுக்கும் மேலே, மணலின் சத்தாகிய ஸிலிக்காவைக் கொண்ட ‘ஸெராமிக்’ பூச்சுகள் வந்திருக்கின்றன. சரியாகப் பூசினால் வருஷக் கணக்கில் நிற்பவைதாம். ஆனால் ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் கண்டு, வைரத்துக்கு அடுத்த உறுதி போலும் என்று யாரும் பிரமிக்க வேண்டாம். அது பென்ஸில் முனையால் கீறிப் பார்க்கும் பரீட்சையின் மதிப்பெண். மேலும், ஸெராமிக் பூசுமுன் வர்ணத்தைப் பாலிஷ் போட்டுச் சமன் செய்வது வழக்கம். எண்பத்தாறு மைக்ரானில் இன்னும் சீவுவதற்கு நாம் சம்மதிக்கவில்லை. ஆகவே மெழுகோடு நின்றோம்.

எது நெடுநாள் நிற்கும் என்பதை விளம்பரத்தைக் கேட்டு முடிவு செய்வதைவிட வண்டியையே கேட்பது நலம் என்று தோன்றிற்று. சென்ற தை மாதம் கூரையின்மேல் ஒட்டுத்தாளால் கோடு பிரித்து ஐந்து பாத்திகள் கட்டினோம். ஒன்றில் எதுவும் பூசவில்லை. ஒன்றில் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பசை. ஒன்றில் கார்னௌபா ஒரு பூச்சு. ஒன்றில் அதே கார்னௌபா இரண்டு பூச்சு. கடைசியில் செயற்கைப் பூச்சு. வாரம் ஒருமுறை ஒரே சோப்பால் கழுவி, மேலே தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். மலிவுப் பசை மாசி பிறந்த சில நாட்களுக்குள் விடைபெற்றுக்கொண்டது. ஒற்றைக் கார்னௌபா பங்குனி நடுவில் தளர்ந்தது. இரட்டைப் பூச்சு அதற்கு மேல் பத்து நாள் தாக்குப் பிடித்தது. முக்கியமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுப்போன இடங்கள் அதில் இல்லை. செயற்கைப் பூச்சு ஆனியிலும் தண்ணீரை நிற்கவிடவில்லை. ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு கோடை. இதற்கு மேல் இந்தப் பரீட்சைக்குப் பெருமை கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வாசலுக்கு இது போதும்.

இனி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசும் விஷயத்துக்கு வருவோம். ஐந்து பூச்சுப் பூசினால் ஐந்து மடங்கு காவல் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. சாந்துபோல் மெழுகு அடுக்கடுக்காக ஏறுமென்றால் அந்தக் கணக்குச் சரி. ஆனால் இரண்டாம் பூச்சிலுள்ள திராவகம் முதற்பூச்சில் ஒரு பாகத்தைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. துடைக்கும்போது மிகுதியெல்லாம் துணிக்குப் போகிறது. அப்படியானால் இரண்டாவது பூச்சு எதற்கு? முதல் தடவை கை படாமல் விட்ட இடங்களை மூடுவதற்கு. கதவுக் கைப்பிடியின் கீழ், பானெட்டின் ஓரம், கண்ணாடிக்கு அடியிலுள்ள குறுகிய இடம் ஆகியவை எவ்வளவு கருத்துள்ள கைக்கும் தப்பிவிடும். எனவே இரண்டு பூச்சுக்கு அர்த்தமுண்டு. மூன்றாவதற்குக் கொஞ்சம் உண்டு. அதற்கு மேல் பூசுகிறவருக்குத் தேகாப்பியாசம்.

எதன்மேல் எது என்பது மிகவும் முக்கியம். செயற்கைப் பூச்சு முதலில், கார்னௌபா பிறகு. செயற்கைப் பூச்சுக்கு வர்ணத்தையே நேராகப் பற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதற்குப் பிடி கிட்டாது. கார்னௌபாவோ கீழே எது இருந்தாலும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். காவலுக்கு ஒன்று, களைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கருநீலம், கறுப்பு, அரக்குச் சிவப்பு வண்டிகளில் கார்னௌபா தரும் ஆழ்ந்த பளபளப்பு ஒரு தனி அழகு. வெள்ளை வண்டிக்காரர் அதற்காகச் செலவழிப்பது அநாவசியம்.

பூசுவதற்கு முன் செய்ய வேண்டியது, பூசுவதைவிட நீண்ட காரியம். வண்டியை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்த பின், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் பை வழியாகத் தெரியும். பிரேக்குகளிலிருந்து பறந்து வந்து ஒட்டிய இரும்புத் தூளும், மரத்துப் பிசினும், தார்ப் புள்ளியும்தாம் அவை. இதை எடுப்பதற்கென்று பிசைந்த மாவு போன்ற ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். சோப்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் அதை வழுக்க விட்டால் தூளெல்லாம் அதில் பதிந்து வந்துவிடுகிறது. கட்டி கை தவறித் தரையில் விழுந்தால், அன்றோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட வேண்டும். மண் ஒட்டிய கட்டி அரம் ஆகிவிடும். கடைசியாக, ஸ்பிரிட்டில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து துடைத்துப் பழைய எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டால் வர்ணம் மெழுகுக்குத் தயார்.

பூசுகிற இடம் நிழலாகவும் தகடு கைக்குக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஒரு கதவு முழுவதற்கும் விரல் நுனியளவு பசை போதும். பூசியது கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்ற சந்தேகம் வரும்படி பூசினால் சரியாகப் பூசியிருக்கிறோம் என்று பொருள். கால் மணி, அரை மணி சென்று விரலால் ஒரு கீற்று இழுத்துப் பார்த்து, பூச்சு பிசுக்கின்றி விலகினால் துடைத்துவிடலாம். பிறகு ஒரு நாள் இரவு முழுதும் பனியும் தண்ணீரும் படாமல் வைத்திருந்து, மறுநாள் இரண்டாம் பூச்சு. கறுப்பு ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் மெழுகு பட்டுவிட்டால் வெள்ளையாகக் காய்ந்து பரிகசிக்கும். ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு, மெழுகின் ஆயுள் நம் கையில் இல்லை. தினமும் வண்டியைத் துடைக்கிறவரின் கையில் இருக்கிறது. நம் குடியிருப்பில் பதினெட்டு வண்டிகளை விடியுமுன் துடைத்து முடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரில் நான்கு வண்டி என்பது அவருக்கு விதிக்கப்பட்ட அளவு. முதல் வண்டியின் மண் நான்காவது வண்டியைக் கீறுகிறது. வெயிலில் பார்த்தால் பானெட்டில் சிலந்திவலை போல் வட்டக் கீறல்கள் மின்னும். கீறலைக் கண்டதும் சொந்தக்காரர் பெரியவரைக் கடிந்துகொண்டு, பாலிஷுக்குப் பணம் கட்டி, மேற்பூச்சில் இரண்டு மைக்ரானை இழந்து வருகிறார். இன்னொரு வாளியும் நான்கு நல்ல துணிகளும் வாங்கித் தர யாருக்கும் தோன்றுவதில்லை.

2019-ஆம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றபோது, வண்டி கழுவுவது என்ற பேச்சே பாவமாக இருந்தது. அப்போதுதான் மெழுகின் அருமை நமக்கு நன்கு விளங்கிற்று. மெழுகு பூசிய வண்டியில் தூசி இறுக ஒட்டுவதில்லை; இரண்டு குவளைத் தண்ணீரும் ஈரத்துணியும் கொண்டு வேலை முடிந்துவிடும். பெரியவர் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார்.

"உங்க வண்டியிலே துணி தானா ஓடுது, சார். பக்கத்துக் கறுப்பு வண்டியிலே இழுத்துப் பிடிக்குது. தோள் வலி அங்கேதான்" என்றார்.

"மெழுகு எப்போது குறைகிறது என்று உங்களுக்குத் தெரியுமா, பெரியவரே?"

"தண்ணி ஊத்திப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், சார். துணி சொல்லிடும்."

அது முதல் அவர் சொல்லும் நாளையே மெழுகுக்கு முகூர்த்த நாளாக வைத்துக்கொண்டோம். நமக்கு இரண்டாவது வாளியும் துணிகளும் சேர்ந்து அறுநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. துணி தரையில் விழுந்தால் தனியே போட்டுவிட வேண்டும் என்று நாம் சொன்னதை, "தெரியாதா சார்?" என்ற ஒரு சிரிப்போடு கேட்டுக்கொண்டார். பாத்திரம் தேய்க்கும் சோப்பை வண்டிக்குப் போடலாகாது என்பதை மட்டும் மாடி வீட்டுக்காரர் ஒருவருக்கு அவர் இன்னும் புரியவைக்க முடியவில்லை.

நமது வழக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை பெரிய பூச்சு: புரட்டாசியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒன்று, மாசியில் வெயிலுக்கு முன்னால் ஒன்று. அடியில் செயற்கைப் பூச்சு இரண்டு கை, மேலே கார்னௌபா ஒரு கை. நடுவில் பெரியவரின் துணி புகார் சொன்னால் பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் ஒரு மெல்லிய கை. மறுபடி அந்தப் பட்டறைக்குப் போய் அளந்தபோது பானெட்டில் அதே 86 நின்றது. அரைத் தேங்காய் அளவுள்ள டப்பாவில் மூன்று வருஷம் பூசியும் இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறோம்.